ரோட்டு மட்டம் பூச்சியம்

போன கிழமை சின்னவள் கணக்குப் புத்தகத்தைச் சுவரில் எறிந்தாள். அது அலுமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. எடுப்பதற்கு நான்தான் முழங்கால் போட்டுக் குனிய வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் குனிந்தால் நிமிர்வது லேசில்லை. புத்தகத்தில் மடங்கிக் கிடந்தது ‘திசைகொண்ட எண்கள்’ என்ற மைனஸ் கணக்குப் பாடம். அதைப் பார்த்ததும் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இதே பாடத்தோடு உங்கள் அக்காவும் நானும் ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

“அக்கா மட்டும் எப்படிப் பாஸ் பண்ணா?” என்று நீ கேட்டாய், சின்னவளே. அன்றைக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் தூங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அக்காவுக்கு இளையவர்கள் நீங்கள் இரண்டு பேரும் படியுங்கள். எனக்குத் தெரிந்த அளவில்தான் எழுத முடியும். பள்ளிக்கூடத்தில் எக்ஸ் என்ற எழுத்து கணக்குக்குள் வந்த வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தேன்.

அக்கா முதல் தடவை சாதாரண தரப் பரீட்சை எழுதியபோது தமிழ், வரலாறு, சமயம் எல்லாவற்றிலும் நல்ல சித்தியோடு பாஸ். கணக்கு மட்டும் போய்விட்டது. கணக்கில்லாமல் உயர்தரம் படிக்க முடியாது. அவளுக்கோ உயர்தரம் படித்து, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்கும் அவளுக்கும் நடுவில் கணக்கு ஒன்றுதான் குறுக்கே நின்றது. அம்மா இரண்டு நாள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். பிறகு, “இன்னொரு தடவை எழுதட்டும். அதுக்கும் மேல நம்மளால முடியாது” என்றாள்.

நான் வேலை பார்க்கும் கண்டிக் கடையில் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன் அவர்.

“இதுக்கா இப்படி மூஞ்ச வெச்சிட்டு ஈக்கிறீங்க? மேல ரெண்டாம் மாடில வெள்ளத் துணி கவுண்டருக்கு ஒரு புள்ள வேணும். மகள அனுப்பி உடுங்க.”

“இன்னொரு தடவ எழுதணும்னு நிக்கிறா முதலாளி.”

“அப்ப எழுதட்டும். புள்ளட ரிசல்ட் வாற வரைக்கும் நான் வேற ஆள் போடமாட்டேன். சரியா?”

உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். நான் அந்தக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறேன். மகள் அதே கட்டடத்தில் காலை முதல் மாலை வரை வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்தபடி நிற்பாள். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கேட்டது அது இல்லையே.

இனி லிப்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டியில் கட்டடங்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் ரோட்டைத் தொடும், பின்பக்கம் சரிவில் இறங்கும். எங்கள் கடைக்கும் முன்வாசல் பெரிய தெருவில். சேலை, சாரம் எல்லாம் அங்கே. அதற்கு மேலே இரண்டு மாடி. கீழேயும் இரண்டு. முதல் இறக்கத்தில் பாய், சட்டி, வாளி. அதற்கும் கீழே ஸ்டோர். ஸ்டோருக்கு வாசல் பின்பக்கத்துச் சின்னத் தெருவில், லொறி வந்து நிற்கும் இடம். லிப்டில் தெருமட்டத்துக்குப் பூச்சியம் என்று பித்தான். மேலே ஒன்று, இரண்டு. கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் ரெண்டு. பள்ளிக்கூடத்தில் மைனஸைச் ‘சய’ என்றும் பிளஸைச் ‘சக’ என்றும் சொல்வீர்கள்.

காலையில் வீட்டிலிருந்து பன்வில பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, அந்த லிப்டுக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்தால், கம்பிக் கதவை இழுப்பதும் திறப்பதும்தான் பொழுது. சாயங்காலம் தெருமட்டத்தில் லிப்டை நிறுத்திவிட்டு வெளியே வருவேன். ஏறினதையும் இறங்கினதையும் கூட்டிப் பார்த்தால் பூச்சியம். எவ்வளவு ஓடினாலும் பூச்சியம். இதை ஒருநாள் அக்காவிடம் சொன்னேன், என் அலுப்பைச் சொல்வதற்காக.

“அப்பா, அதுதான் கூட்டல். சக ரெண்டும் சய ரெண்டும் கூட்டினா பூச்சியம். நீங்க நாள் முழுக்க அதைத்தான் பண்றீங்க.”

“அப்ப எனக்குக் கணக்குத் தெரியும்ங்கிற?”

“உங்களுக்குத் தெரியாது. உங்க லிப்டுக்குத் தெரியும்.”

அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமைகளில் அவளுக்குக் கண்டியில் டியூஷன். முடிந்ததும் கடைக்கு வந்து, நான் வேலை முடிக்கும்வரை லிப்டுக்குள் ஒரு மூலையில் நிற்பாள். ஆள் இல்லாத நேரத்தில் கணக்கு. “மைனஸ் ரெண்டுல நிக்கிறோம். மூணு மாடி ஏறினா?” என்று நான் கேட்பேன். “ஒண்ணு” என்பாள். “ஒண்ணுல நிக்கிறோம். மூணு இறங்கினா?” “சய ரெண்டு.” கேட்டுக்கொண்டே லிப்டையும் ஓட்டுவேன். விடை சரியா பிழையா என்று கதவு திறந்தால் தெரிந்துவிடும். சட்டி தெரிந்தால் மைனஸ் ஒன்று, சேலை தெரிந்தால் பூச்சியம்.

கழித்தல்தான் அவளைப் படுத்தியது. இரண்டிலிருந்து சய இரண்டைக் கழி என்றால் பூச்சியம் என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அதற்கு வழி காட்டியது ஒரு சண்டை.

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை அது. வெள்ளைத் துணிப் பொதிகள் லொறியில் வந்தன. “ரெண்டாம் மாடிக்குப் போடுங்க” என்று மேலேயிருந்து முதலாளி சொல்லியனுப்பினார். அன்றைக்கு ஸ்டோரில் பொதி இறக்கினவர் ஒரு சிங்கள ஆள், புதிதாக வந்தவர். லிப்டில் நெரிசல் என்று அவர் படிவழியே தூக்கிப் போனார். அவருக்குத் தரை என்றால் பின்தெரு. அங்கிருந்து இரண்டு மாடி ஏறிப் பொதிகளை இறக்கி வைத்தார். வைத்த இடம் பெரிய தெருவின் முன்வாசல், சேலை எடுக்க வந்த சனத்துக்கு நடுவில்.

“யாரு இதக் கொண்டாந்து இங்க போட்டது?” என்று முதலாளி கத்தினார்.

“மாத்தயா ரெண்டு சொன்னது. நான் ரெண்டு ஏறினது” என்றார் அவர், முதலாளியைப் பார்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“எங்க இருந்து ரெண்டு?”

“கீழ இருந்து. வேற எங்க இருந்து ஏறுறது?”

முதலாளி வாழ்நாளில் பின்வாசலால் வந்ததில்லை. இவர் முன்வாசலால் வந்ததில்லை. ஒரு கட்டடத்துக்குள் இரண்டு பூச்சியம். அக்கா இதைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொதிகளை லிப்டில் அடுக்கி மேலே ஏற்றும்போது என்னிடம் கேட்டாள்.

“ஸ்டோர்ல இருந்து வெள்ளத் துணி கவுண்டருக்கு எத்தனை மாடி ஏறணும்?”

“நாலு.”

“அந்த அண்ணன் கணக்குல?”

“அவர் கணக்குல பூச்சியத்துல இருந்து நாலாம் மாடி. அதுவும் நாலுதான்.”

“நம்ம கணக்குல சய ரெண்டுல இருந்து சக ரெண்டு. அப்ப ரெண்டுல இருந்து சய ரெண்டைக் கழிச்சா நாலு! பூச்சியத்தை எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம்ப்பா, நடுவுல உள்ள தூரம் மாறாது.”

எனக்குப் பாதிதான் விளங்கியது. பொதிகளோடு நெரிந்துகொண்டு, முதுகு வலிக்க, “சரி, சரி” என்றேன். ஆனால் அதற்குப் பிறகு கழித்தலில் அவள் தவறவில்லை. ‘எங்கிருந்து எங்கே’ என்று விரலால் காற்றில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுவாள்.

அப்போது மின்வெட்டுக் காலம். கரண்ட் சொல்லியும் நிற்கும், சொல்லாமலும் நிற்கும். ஒரு சனிக்கிழமை அக்காவும் நானும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும் இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் கையில் புதுப் பாய் ஒன்று. வாங்கின பாயை மாற்ற வந்திருந்தார். அவரோடு பேசிக்கொண்டே மைனஸ் ஒன்றில் நிறுத்த மறந்து தாண்டிவிட்டேன். திரும்ப ஏற்றுவதற்குள் கரண்ட் போய்விட்டது. இருட்டு.

“தம்பி, இது விழாதோ?”

“விழாதுங்கம்மா. கரண்ட் வந்ததும் போயிரும்.”

“எப்ப வரும்?”

“அது அவங்களுக்குத்தான் தெரியும்.”

டோர்ச்சை அடித்தேன். கம்பிக் கதவுக்கு வெளியே மைனஸ் ஒன்றின் தரை அக்காவின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அதற்குக் கீழே வெறும் சுவர்.

“அப்பா, இப்ப எத்தனையில நிக்கிறோம்?”

“ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல. மைனஸ்ல.”

“சரி பாதியா?”

“இல்ல. மேல உள்ளதுதான் கொஞ்சம் கிட்ட.”

“அப்ப சய ஒன்று தசம் ஐந்து இல்ல. சய ஒன்று தசம் நாலு.” என்றாள். “அது ஐந்தைவிட மேல இருக்கு. அப்ப அதுதான் பெருசு. நான் இவ்வளவு நாளா ஐந்து பெருசுன்னு எழுதிக்கிட்டிருந்தேன்.”

“என்ன பிள்ளை, இதுக்கையும் படிப்போ?” என்றார் அந்த அம்மா. “பெரிசோ சின்னனோ, என்னை வெளியில விட்டாக் காணும்.”

அக்கா சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்தது குறைவு. பிறகு மெல்லச் சொன்னாள். “சரியா நாலுன்னும் சொல்ல முடியாது. டீச்சர் சொன்னாங்க, ரெண்டோட வர்க்கமூலம் ஒன்று தசம் நாலு ஒன்று நாலுன்னு போய்க்கிட்டே இருக்குமாம். முடியவே முடியாதாம். பின்னமாவும் எழுத முடியாது. ஒருவேளை நாம கீழ அந்த அளவுலதான் நிக்கிறோமோ என்னவோ.”

“எழுதி முடிக்க முடியாத இடத்துல எப்படிம்மா நிக்கிறது?”

“நிக்கிறோமேப்பா. நீங்க நாள் முழுக்க அதைத் தாண்டித்தானே போறீங்க. மாடியில மட்டுமா லிப்ட் இருக்கு? நடுவுல உள்ள எல்லா இடத்துலயும் இருந்துட்டுத்தானே போகுது. அந்த எல்லாத்தையும் சேர்த்துத்தான் மெய்யெண்ணுன்னு சொல்றாங்க.”

அந்த அம்மா பாயைச் சுருட்டித் தரையில் நிறுத்தி அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார். “ஓம், விளங்குது. முந்தி எனக்கும் படிப்பிச்சவை. அப்ப ஒருத்தரும் என்னை இப்பிடி நடுவில நிப்பாட்டிப் படிப்பிக்கேல்லை.”

கரண்ட் வந்தது. மாடிகள் மட்டும்தான் எண் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன். நடுவில் உள்ள சுவரை நான் கவனித்ததே இல்லை.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. ஆனால் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது டியூஷனில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். அக்கா தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் திரும்பவில்லை.

தாள் முழுக்கச் சிவப்பு. சய இரண்டைச் சய மூன்றால் பெருக்கு என்றதற்குச் சய ஆறு என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும் கீழ்நோக்கி ஒரு அம்பும். டீச்சர் பெட்டியைச் சுற்றி வட்டம் போட்டு, ‘இது என்ன?’ என்று எழுதியிருந்தார். அது லிப்ட் என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்? அதோடு முடியவில்லை. அடைப்புக்குறிக்குள் எக்ஸ் சய மூன்று, வெளியே சய இரண்டு. அதைப் பெருக்கி விரித்ததில் கடைசியில் சக ஆறு வரவேண்டிய இடத்தில் சய ஆறு. ஒரு குறி பிழைத்ததால் அதற்குக் கீழே இருந்த சமன்பாடுகள் எல்லாம் பிழை. இப்படிப் போனால் இந்தத் தடவையும் கணக்கு கிடைக்காது. எனக்கே அது தெரிந்தது.

“ரெண்டு ரெண்டா மூணு தடவை இறங்கினா ஆறு இறக்கம்தானே அப்பா? எப்படி மேல போகும்?”

எனக்கும் அப்படித்தான் பட்டது. கீழே போகிறதைக் கீழே கீழே என்று பெருக்கினால் இன்னும் கீழேதானே போக வேண்டும்? லிப்டில் உட்கார்ந்து படித்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். வெள்ளைத் துணி கவுண்டர் கண்முன் வந்து நின்றது.

அவள் டீச்சரிடம் கேட்டாளாம். “சய சய பெருக்கினா சக. மனப்பாடம் பண்ணிக்கோ” என்றாராம். வகுப்பில் அவ்வளவு பிள்ளைகள், அவருக்கும் நேரம் இல்லை. அக்காவும் மனப்பாடம் பண்ணினாள். ஆனால் பிறகு கூட்டலிலும் சய சய சக என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். முன்பு சரியாக வந்ததும் கெட்டுப்போனது.

பௌர்ணமிப் போயா தினம் வந்தது. கடை பூட்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் பாயில் சாய்ந்தேன். நீங்கள் இருவரும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தீர்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என் பக்கத்தில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, தூங்காதீங்க. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. சய ரெண்டை மூணு தடவை?”

“ஆறு கீழ.” கண் மூடியபடிதான் சொன்னேன்.

“ரெண்டு தடவை?”

“நாலு கீழ.”

“ஒரு தடவை?”

“ரெண்டு கீழ.”

“ஒரு தடவையும் இல்லன்னா?”

“ரோட்டுல நிக்கும்.”

“நாசமாப் போச்சு, தூங்க விடு அவரை” என்றாள் அம்மா.

“இருங்கம்மா.” அவள் குரல் மாறியிருந்தது. கண்ணைத் திறந்தேன். கொப்பியில் விடைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருந்தாள். சய ஆறு, சய நான்கு, சய இரண்டு, பூச்சியம். “பாருங்க. ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு ரெண்டா ஏறிக்கிட்டு வருது. கீழ இருந்து ரோட்டுக்கு வந்தாச்சு. அடுத்த வரி சய ஒரு தடவை. இவ்வளவு நேரமும் ஏறிக்கிட்டு வந்த லிப்ட் ரோட்டுக்கு வந்ததும் நின்னுருமா அப்பா?”

நிற்காது. ரோட்டில் இறங்க ஆள் இல்லாவிட்டால் லிப்ட் நிற்காது. நேரே மேலே போகும். நான் ஓட்டுகிறவன், எனக்குத் தெரியாதா?

“போகும்” என்றேன். “முதலாம் மாடிக்கு… இல்ல, ரெண்டு ரெண்டாத்தானே ஏறுது? ரெண்டாம் மாடிக்கு.”

“சக ரெண்டு. அதுக்கு அடுத்தது சக நாலு. அப்புறம் சக ஆறு.”

“நம்ம கடையில அவ்வளவு மாடி இல்லையே.”

“கீழயும்தான் ஆறு இல்ல. அதுக்கு மட்டும் பேசாம இருந்தீங்க?”

அம்மா சுளகை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டாள். நான் முழுக்க ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். சய ஒரு தடவை என்றால் என்ன என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரே சீராக ஏறிவந்த ஒன்று நடுவழியில் திரும்பி இறங்கினால் அது ஒழுங்கில்லை என்பது விளங்கியது. அக்காவுக்கு அவ்வளவு போதும். பெருக்கல் வேறு, கூட்டல் வேறு என்று அன்றோடு பிரிந்துவிட்டது. மனப்பாடம் பண்ணினதை விட்டுவிட்டாள். குழம்பினால் கொப்பியின் ஓரத்தில் அந்த வரிகளை மேலிருந்து கீழாக எழுதிப் பார்ப்பாள்.

பரீட்சை எழுதினாள். அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் கஷ்டம். முதலாளி காலையில் லிப்டுக்குள் வரும்போதெல்லாம், “என்ன, வந்திச்சா?” என்பார். “இன்னும் இல்ல முதலாளி” என்பேன். வெள்ளைத் துணி கவுண்டரில் ஆள் பற்றாமல் மற்றப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். அவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஒவ்வொரு தடவை இரண்டாம் மாடியில் கதவைத் திறக்கும்போதும் அந்தக் காலி இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

பெறுபேறு வந்த நாள் அவள் தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தாள். தெருமட்டத்தில் கதவைத் திறக்கிறேன், ஆட்களுக்குப் பின்னால் நிற்கிறாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. லிப்ட் நிறைந்துவிட்டது. அவளுக்கு இடம் இல்லை.

“அப்பா, எஸ்” என்றாள்.

சாதாரண சித்தி, ஆனால் உயர்தரத்துக்கு அது போதும். அதற்குக் கீழே இருந்தால் சித்தி இல்லை. எனக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. “என்னாங்க, போவமா?” என்று உள்ளே இருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். கதவை இழுத்தேன். கம்பிகளுக்கு நடுவால் அவள் படியைப் பார்த்துப் போவது தெரிந்தது.

இரண்டாம் மாடியில் கதவைத் திறந்தேன். அவள் எனக்கு முன்பே ஏறி வந்திருந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு. ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதால் அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணி அவளுக்குக் கிடைத்திருக்கவில்லை. உயர்தரத்துக்குச் சேர வெள்ளைத் துணி வேண்டும். கவுண்டருக்கு முன்னால், வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கத்தில் நின்று, துணியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி அங்கேதான் இருந்தார்; அவளே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். “நல்ல துணியா கிழிச்சுக் குடுங்க இந்தப் புள்ளைக்கு.” பிறகு என் பக்கம் திரும்பி, “நாளைக்கு வேற ஆள் பாக்கிறேன்” என்றார்.

கீழே யாரோ மணி அடித்தார்கள். மைனஸ் ரெண்டு. துணி கிழிக்கும் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைத்து, கதவை இழுக்காமல் கொஞ்சம் நின்றேன். மணி மறுபடி அடித்தது. சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

சின்னவளே, புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தை நிமிர்த்தியும் விட்டேன். போயா அன்றைக்கு எனக்கு லீவு. நான் பாயில் படுத்திருப்பேன், நீ கேள்.